வீட்டு சிமுலேட்டரில் ஒரு குட்டி ஜெட்... வேகத்தை மறந்தால் அவ்வளவுதான்!

ராத்திரி சாப்பாடு முடிந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கிறீர்கள். சென்னையில் இருந்து ஹைதராபாத்துக்கு சிமுலேட்டரில் ஒரு பயணம். டேக்-ஆஃப் பிரமாதம். ஆட்டோபைலட்டைப் போட்டு, நிமிடத்துக்கு 2,000 அடி ஏறச் சொல்லியாச்சு. `இனி அதுவே பார்த்துக்கொள்ளும்' என்று காபி போடக் கிளம்புகிறீர்கள்.

திரும்பி வந்தால் காக்பிட் முழுக்க எச்சரிக்கைச் சத்தம். விமானத்தின் மூக்கு மேல்நோக்கி நிற்கிறது. வேகம் படுபாதாளத்தில். ஆட்டோபைலட் தானாகவே கழன்றுவிட்டது!

`புரோகிராமில் ஏதோ கோளாறு' என்று திட்டாதீர்கள். நிஜ விமானமும் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஏர்பஸ், போயிங் ஓட்டிப் பழகியவர்கள் `சி.ஆர்.ஜே' என்ற குட்டி ஜெட்டுக்கு மாறினால் முதல் நாளே மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இது.

ஆட்-ஆன் என்றால் என்ன?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் போன்ற புரோகிராம்களை வாங்கினால் அதனுடன் சில விமானங்கள் கிடைக்கும். அதற்கு மேல், தனி நிறுவனங்கள் செய்து விற்கும் கூடுதல் விமானங்கள்தான் ஆட்-ஆன். நல்ல ஆட்-ஆனில் காக்பிட்டில் இருக்கும் பெரும்பாலான சுவிட்சுகள் வேலை செய்யும். பேட்டரியைப் போடுவதில் தொடங்கி, இன்ஜினை அணைப்பது வரை நிஜ பைலட் செய்வதை நாமும் செய்யலாம்.

மைக்ரோசாஃப்ட்டின் புதிய சிமுலேட்டர் 2020 ஆகஸ்ட்டில் வந்தது. அடுத்த மார்ச்சிலேயே ஜெர்மனியைச் சேர்ந்த ஏரோசாஃப்ட் நிறுவனம் சி.ஆர்.ஜே 550, 700 விமானங்களை அதற்காகக் கொண்டுவந்தது. ஜஸ்ட் ஃப்ளைட் நிறுவனத்தின் நான்கு இன்ஜின் கொண்ட பி.ஏ.இ 146, எக்ஸ்-பிளேனுக்காக எக்ஸ்-கிராஃப்ட்ஸ் செய்த எம்ப்ரேயர் விமானங்கள் எல்லாம் இந்த ரகம்தான்.

நம் ஊரிலும் பறந்தவை

பெரிய விமானத்தை நிரப்பப் பயணிகள் இல்லாத ஊர்களுக்காக உருவானவை ரீஜனல் ஜெட்கள். 50 முதல் 100 பேர் வரை உட்காரலாம். கனடாவின் பம்பார்டியர் நிறுவனம், தன்னுடைய சேலஞ்சர் என்ற பிசினஸ் ஜெட்டை நீட்டி சி.ஆர்.ஜே-வை உருவாக்கியது. 1991-ல் முதன்முதலாகப் பறந்து, 1992-ல் பயணிகள் சேவைக்கு வந்தது. 2020-ல் ஜப்பானின் மிட்சுபிஷி இந்தப் பிரிவை வாங்கியது. 2021-ல் கடைசி விமானத்துடன் தயாரிப்பு நின்றுவிட்டது.

சென்னையில் இருந்து இயங்கிய பாரமவுன்ட் ஏர்வேஸ் ஞாபகம் இருக்கிறதா? 2005-ல் தொடங்கி 2010 வரை அது ஓட்டியது, பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் 170, 175 ஜெட்களை. அதில் பயணம் செய்தவர்கள் இன்று அதே ரக விமானத்தின் பைலட் சீட்டில் உட்காரலாம், வீட்டிலேயே!

பைலட்தான் ஆக்ஸிலரேட்டர்

ஏர்பஸ் 320-ல் `ஆட்டோ த்ரஸ்ட்' உண்டு. எவ்வளவு வேகம் வேண்டும் என்று சொன்னால், இன்ஜின் சக்தியை கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும். வேகம் ஆபத்தான அளவுக்கு இறங்கினால் அதுவே குறுக்கிட்டுக் காப்பாற்றவும் பார்க்கும்.

சி.ஆர்.ஜே 200, 700, 900 விமானங்களில் இந்த வசதி கிடையாது. ஆட்டோபைலட் திசையையும் உயரத்தையும் பார்த்துக்கொள்ளும். த்ராட்டில் நெம்புகோலை நகர்த்த வேண்டியது பைலட்டின் கைதான்.

இப்போது நம் ஹைதராபாத் பயணத்துக்கு வருவோம். நிமிடத்துக்கு 2,000 அடி ஏறச் சொன்னோம். மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும். இன்ஜினின் சக்தியும் குறையும். ஆட்டோபைலட்டோ `சொன்ன சொல் தவற மாட்டேன்' என்று அதே 2,000 அடியைக் காப்பாற்ற மூக்கை மேலும் மேலும் தூக்கும். ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பது மாதிரிதான். மேடு செங்குத்தாகிக்கொண்டே போய், காலில் தெம்பும் குறைந்தால் வேகம் என்ன ஆகும்? ஒரு கட்டத்தில் இறக்கை விமானத்தைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். அதுதான் `ஸ்டால்'.

விளையாட்டு வினையான இரவு

இதை வெறும் கேம் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2004 அக்டோபர் 14 இரவு, அமெரிக்காவில் ஒரு சி.ஆர்.ஜே 200 விமானம் பயணிகள் இல்லாமல் லிட்டில் ராக்கில் இருந்து மினியாபொலிஸ் கிளம்பியது. உள்ளே இரண்டு பைலட்கள் மட்டும். ஆள் இல்லாத விமானம்தானே என்ற உற்சாகத்தில், அந்த விமானத்தின் உச்சவரம்பான 41,000 அடிக்கு ஏறினார்கள். ஏறும் விகிதத்தை நிலையாக வைக்கச் சொல்லும் அதே ஆட்டோபைலட் முறையில்தான் ஏறினார்கள். வேகம் கரைந்துகொண்டே வந்தது.

ஸ்டால் எச்சரிக்கை அடித்தது. விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. இரண்டு இன்ஜின்களும் அணைந்தன. மறுபடி இயக்கத் தேவையான வேகத்தை அவர்கள் எட்டிப் பிடிக்கவில்லை. இன்ஜின்களின் உட்பகுதி சுழலாமல் இறுகிவிட்டது. இரண்டு இன்ஜினும் போய்விட்டதை கன்ட்ரோலரிடம் உடனே சொல்லவும் இல்லை. மிசௌரி மாநிலத்தின் ஜெஃபர்சன் சிட்டி அருகே விமானம் விழுந்தது. இருவரும் இறந்துபோனார்கள்.

நடைமுறைகளை மீறியதும், தொழில் பொறுப்பில்லாத நடத்தையும்தான் காரணம் என்றது அமெரிக்க விசாரணை அமைப்பு. அவர்கள் பயிற்சி பெற்ற பைலட்கள். அவர்களுக்கே வேகமானியில் இருந்து கவனம் நழுவியது.

வீட்டில் எப்படிப் பழகுவது?

* மேலே ஏறும்போது ஏறும் விகிதத்தை செட் செய்யாதீர்கள். ஸ்பீடு முறையைத் தேர்வு செய்யுங்கள். வேகம் குறைந்தால் ஆட்டோபைலட் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றும். ஏறுவது மெதுவாகும். அதனால் நஷ்டம் இல்லை.

* சி.ஆர்.ஜே 700-ல் த்ராட்டிலுக்கு டேக்-ஆஃப், கிளைம்ப் என்று தனித்தனி நிலைகள் உண்டு. கீபோர்டில் இதைப் பிடிப்பது சிரமம். சாதாரண ஜாய்ஸ்டிக்கில் இருக்கும் சின்ன த்ராட்டிலே போதும்.

* இறங்குவதற்கு ஒரு மனக்கணக்கு: ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 கடல் மைல். 30,000 அடி இறங்க வேண்டும் என்றால், 90 கடல் மைல் முன்பாகவே தொடங்கிவிட வேண்டும். வேகத்தைக் குறைக்க இன்னும் சில மைல்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

* லேண்டிங் நேரத்தில் த்ராட்டிலைப் பெரிதாக இழுத்துத் தள்ளாதீர்கள். கொஞ்சம் மாற்றுங்கள், காத்திருங்கள், வேகத்தைப் பாருங்கள். எந்த எடைக்கு எவ்வளவு சக்தி சரியாக இருந்தது என்று நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த முறை உதவும்.

* வாங்கும் முன்பு, உங்களிடம் இருப்பது 2020 சிமுலேட்டரா, 2024 சிமுலேட்டரா, எக்ஸ்-பிளேனா என்று பார்த்து, அதற்குப் பொருந்துகிற ஆட்-ஆன்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த விளையாட்டுக்கே புதியவர் என்றால், ஃப்ளை-பை-வயர் குழு இலவசமாகத் தரும் ஏர்பஸ் 320-ல் தொடங்கலாம்.

இதையெல்லாம் பழகினால் பைலட் ஆகிவிட முடியாது. வயிற்றைப் புரட்டும் குலுக்கலும், பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகளின் பொறுப்பும் வீட்டு நாற்காலியில் வராது. ஆனால், கருவியை நம்பிக் கண்ணை எடுத்தால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் ஆபத்தில்லாமல் இங்கே தெரிந்துகொள்ளலாம். வீட்டில் பிள்ளைகள் சிமுலேட்டர் ஓட்டினால், ஒருநாள் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். `இப்போ ஸ்பீடு எவ்வளவு?' என்று அடிக்கடி கேளுங்கள். நிஜ விமானத்தில் பக்கத்து சீட்டு பைலட் வேகத்தைக் கவனித்துச் சொல்வதும் இதற்காகத்தான்.

காபி? அதை டேக்-ஆஃபுக்கு முன்பே குடித்துவிடுங்கள்!