மூலபலம் ஏன் முந்தி வரவில்லை?

ஊவா மலைநாட்டில் இராமகாதையைக் கற்பிப்பது பிறவிடங்களிற் கற்பிப்பதை ஒத்ததன்று. பதுளையிலிருந்து எல்ல வழியாகச் செல்வோர் இராவணன் பெயர் பூண்ட குகையையும் அருவியையும் காண்பர். சீதையை அவன் ஒளித்து வைத்தது அக்குகையிலேதான் என்பது உள்ளூர் வழக்கு. கம்பநாடரோ அவளை அசோகவனத்திலே காட்டுகின்றார். எவ்வாறாயினும், எம் மாணாக்கர்க்கு இராவணன் ஏட்டிலுள்ள அயலான் அல்லன், பக்கத்து மலைக்காரன். ஆகவே அவன் தோற்ற காரணத்தையும் அவர்கள் உரிமையோடு கேட்கின்றனர்.

சென்ற தவணையில் மூலபல வதைப் படலத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து வரும் மாணாக்கி ஒருத்தி எழுந்து, "ஐயா, இவ்வளவு பெரிய படை இருந்ததென்றால் அதை முதல் நாளே இறக்கியிருக்கலாமே? தம்பியும் மகனும் செத்த பிறகு ஏன் கூப்பிட்டான்?" என்று வினவினாள். பாடம் முடியவேண்டிய அவசரம் எனக்கு. "விதி அவ்வாறு, காவியத்தில் கணக்குப் பார்க்காதே" என்று அதட்டினேன். வகுப்பு நகைத்தது. அவள் அமர்ந்தாள். அதன் பின்னர் அத்தவணை முழுவதும் அவள் வாய் திறக்கவில்லை. முப்பதாண்டு தமிழ் கற்பித்த யான், ஒரு வினாவினால் தோற்றேன் என்பதை அன்றிரவே உணர்ந்தேன்.

ஏட்டை மீண்டும் விரித்தேன். அவள் வினாவுக்கு நேர்விடை ஒன்றுண்டு: மூலபலம் இலங்கையில் இருந்த படையன்று. பல தீவுகளிலும் பாதலத்திலும் வாழ்ந்த அரக்கர் தூதரால் அழைக்கப்பட்டு வந்து திரண்ட தானை அது. ஆயினும் இவ்விடை வினாவைத் தீர்க்காது; ஒரு படி பின்தள்ளுமேயன்றி வேறில்லை. தூதரை முன்னரே அனுப்பாதது ஏன்?

போரின் வரிசையை நோக்குக. முதற் போருக்கு இராவணனே வந்தான். அனைத்தும் இழந்து வெறுங்கையனாய் மீண்டான். அடுத்துக் கும்பகருணன் வந்து மாண்டான். பின் அதிகாயன் வீழ்ந்தான். இந்திரசித்து நாகபாசத்தாலும் பிரமாத்திரத்தாலும் இருமுறை வெற்றியின் விளிம்பு வரை சென்றான். ஒருவர் வீழ்ந்த பின்னரே மற்றொருவர் வந்தனர். பெருவலிகள் ஒருசேரக் களத்தில் நின்ற நாள் ஒன்றேனும் இல்லை.

பிரமாத்திரத்தால் இலக்குவனும் வானரப் படையும் சாய்ந்தபோது இலங்கையில் களியாட்டு நிகழ்ந்தது. அந்த இரவில்தான் அனுமன் மருத்துமலையைக் கொணர்ந்தான். அதற்கு முன்னரே, தன் இழப்பைப் பிறர் அறியலாகாதென்று, மாண்ட அரக்கர் உடல்களை இராவணன் கடலிலே தள்ளுவித்திருந்தான். ஆகவே மருந்தின் காற்றுப் பட்டு எழுந்தவர் வானரரேயன்றி அரக்கர் எவருமிலர். இழப்பை மறைத்தவனுக்கு இழப்பே நிலைத்தது.

மூலபலம் வந்த பின்னரும் பிழை தொடர்ந்தது. வானரப் படையைத் தான் ஒரு வழியாற் சென்று அழிப்பதென்றும், மூலபலம் மனிதர் இருவரையும் கொல்வதென்றும் வலியைப் பிரித்தான். அத்தானையைக் கண்ட வானரர் அஞ்சி ஓடவே, அங்கதன் அவர்களை மீட்டு வரவேண்டியதாயிற்று. இராமனோ இலக்குவனை வானரர்க்குக் காவலாக இராவணன் செல்லும் பக்கம் நிறுத்தி, மூலபலத்தைத் தான் ஒருவனே எதிர்த்தான். பகைவன் பிரித்த வழியே தானும் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் உரிய ஆளை நிறுத்திய நுட்பம் இது.

எனினும் வேர்க்காரணம் அகப்படவில்லை. விடுமுறையில் அம்மாணாக்கியின் பாட்டனாரைக் காணப் புறப்பட்டேன். அவர் தம் தோட்டத்தில் நெடுங்காலம் அருச்சுனன் தபசு ஆடுவித்த கூத்து வாத்தியார். பதுளையிலிருந்து ஏறும் புகைவண்டி, தெமோதரை நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அந்நிலையத்துக்கே மேலாக வந்து சேர்வதை அன்பர்கள் அறிவர்.

லயத்து வாசலில் தேநீர் தந்து, என் கதையைக் கேட்ட முதியவர் சிரித்தார். "கொழுந்து எடுக்க வேண்டிய நாளில் எடுக்காம, முத்திப்போன பெறகு நூறு ஆள மலையில ஏத்தி என்னங்கய்யா பிரயோசனம்? நாலு இலைதானேன்னு நெனைச்சிருப்பான்" என்றார்.

திரும்பும் வண்டியில் அந்த இறுதிச் சொல்லே என் செவியில் நின்றது. நாலு இலைதானே! இராவணன் மந்திரப் படலத்தில் கும்பகருணன் உரைப்பது நினைவுக்கு வந்தது. பிறன் மனைவியைச் சிறைவைத்தது தவறென்று முதலில் இடித்துரைத்தவன், பின்னர் நல்லதொரு போர்முறையும் கூறினான்: பகைவர்க்குப் படை சேருமுன்பே நாம் கடலைக் கடந்து சென்று, ஒரே நாளில் அவர்களை வேரோடு அழித்தல் வேண்டும். இராவணன் அதனைப் பாராட்டினான், செய்தானில்லை. இறுதிப் போரின் அடியில் நுழைந்து காரணந் தேடிய யான், சுற்றிச் சுற்றி அந்த மந்திர மண்டபத்துக்கே மேலேறி வந்தேன்.

மனிதரும் குரங்கும் என்ன செய்துவிடுவர் என்ற இகழ்ச்சியே அவனைத் தடுத்தது. வரம் வேண்டிய காலத்தில் மானிடரைப் பொருட்படுத்தாது விட்டான் என்பது கதைமரபு. அன்று வரத்தில் விடுபட்டவன் எவனோ, அவனே இன்று போர்க்கணக்கிலும் விடுபட்டான். ஆதலின் கம்பநாடர் காட்டும் விதி வானத்திலிருந்து வீழ்வதன்று. ஒருவனது இயல்பே காலந்தோறும் செயலாகி அவனைச் சூழ்வது. வலியறிதலும் காலமறிதலும் பொச்சாவாமையும் வள்ளுவர் தனித்தனியே வைத்த அதிகாரங்கள். இராவணன் மூன்றையும் ஒருங்கே இழந்தான்.

எளியோரென்று இகழ்ந்தவன் இராவணன் மட்டுமோ? தோட்டத்துப் பிள்ளையின் வினாவை நாலு இலையென்று எண்ணியவன் யானும் அல்லனோ?

தவணை தொடங்கிய முதல் நாள், வகுப்பின் முன்னிலையில் அவளிடம், "உன் வினா சரி; என் விடை பிழை" என்று கூறி, மேற்கண்டவற்றை விரித்துரைத்தேன். இம்முறை எவரும் நகைக்கவில்லை. சற்று நேரம் பேசாதிருந்தவள் மெல்ல எழுந்தாள்.

"ஐயா, அப்படியானால் கும்பகருணன் தன் யோசனையைச் சொல்லிவிட்டு ஏன் தூங்கப்போனான்?"

பாடத்தை நிறுத்திவிட்டு, ஏட்டை அவள் கையிலே கொடுத்தேன்.