கொடுத்தவர் வாய் திறக்கட்டும்

(அக்கம்பக்கம் – 11)

கடப்பாரை, ஏணி, டிரில்லிங் மெஷின், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், தார்ப்பாய் என்று அக்கம்பக்கத்தில் கைமாறும் சாமான்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிப் புகார்தான் வரும். வாங்கிப்போனவர் திருப்பித் தரவில்லை, தந்தாலும் உடைத்துத் தந்தார், பிட் மழுங்கி வந்தது, கேட்டதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். இதில் குற்றவாளி எப்போதும் வாங்கியவர். கொடுத்தவருக்கோ ஏமாந்துபோன நல்லவர் என்ற இடம் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. சென்ற வாரம் கைமாற்றுப் பணத்தைப் பற்றிப் பேசியபோது வாங்கியவரின் கடமைகளையே அதிகம் பார்த்தோம். பணத்துக்கு அது பொருந்தும். ஐந்நூறு ரூபாய்த் தாளை எப்படிச் செலவழிப்பது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருவி அப்படியல்ல. அதன் குணம், குறை, எதுவரை தாங்கும் என்பதெல்லாம் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே சாமான் இரவலில் முளைக்கும் மனக்கசப்பில் பெரும்பங்கு, ஒன்றும் சொல்லாமல் தூக்கிக் கொடுத்தவரையே சேரும் என்பது இந்த வாரத்து வாதம்.

ஸ்பிரேயரையே எடுத்துக்கொள்வோம். கரும்பிலும் நெல்லிலும் அகன்ற இலைக் களைகளை ஒழிக்க 2,4-டி என்ற களைக்கொல்லியை அடிக்கிறார்கள். பருத்தி, தக்காளி, திராட்சை மூன்றுக்கும் அது ஆகவே ஆகாது. டேங்கின் அடியிலும் ஹோஸிலும் நாசிலிலும் தங்கிய மிச்சமே பருத்தி இலையைச் சுருட்டிச் செடியைக் கெடுக்கப் போதும். ஒருதரம் தண்ணீர் விட்டு அலசினால் அது போகாது. வாஷிங் சோடாவோ சோப்புத்தூளோ போட்டுப் பலமுறை கழுவ வேண்டும். போன வாரம் கரும்புக்கு இதை அடித்தவரிடமிருந்து பக்கத்துக் காட்டுக்காரர் பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்க அதே ஸ்பிரேயரை வாங்கிப் போகிறார் என்றால், அந்தப் பருத்தியின் கதி கொடுத்தவரின் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. புல்வெட்டும் இயந்திரமும் இப்படித்தான். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் உள்ளதற்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். இன்றைய பைக்குகளையே பார்த்துப் பழகியவர் வெறும் பெட்ரோலை ஊற்றி இழுத்து ஸ்டார்ட் செய்தால், கொஞ்ச நேரத்திலேயே பிஸ்டன் சீஸ் ஆகி இன்ஜின் நின்றுவிடும். திருப்பிக் கொண்டுவந்தவர் ‘நான் ஒண்ணுமே பண்ணலண்ணே’ என்று சொன்னால் அது பொய்யும் அல்ல. செய்ய வேண்டியது இன்னதென்று அவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் நம் சட்டம் யோசித்து வைத்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், ஒருவர் தன் பொருளை ஒரு காரியத்துக்காக இன்னொருவர் கையில் ஒப்படைப்பதைப் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. 150ஆம் பிரிவின்படி, பயன்பாட்டைப் பாதிக்கிற அல்லது வாங்குபவரை ஆபத்தில் தள்ளுகிற குறை கொடுப்பவருக்குத் தெரிந்திருந்தால் அதை அவர் சொல்லியாக வேண்டும். சொல்லாததால் வந்த சேதத்துக்கு அவரே பொறுப்பு. சட்டம் தரும் உதாரணம் குதிரை. முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் ஒருவர் இரவல் தருகிறார். அது மிரண்டு ஓடி, ஏறியவர் விழுந்து காயப்படுகிறார். பொறுப்பு கொடுத்தவருடையது. இன்று குதிரை இருந்த இடத்தில் எர்த் சரியில்லாத டிரில்லிங் மெஷின் நிற்கிறது, மூன்றாவது படி ஆடும் ஏணி நிற்கிறது. ‘தொட்டா லேசா ஷாக் அடிக்கும், பாத்துக்க’ என்பதைக்கூடச் சொல்லாமல் கொடுப்பதைத் தாராளம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாங்கியவருக்கும் அந்த அத்தியாயத்தில் கடமை உண்டு. சாதாரண விவேகமுள்ள மனிதர் அதே மாதிரியான சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151. அப்படிப் பார்த்துக்கொண்டும் பொருள் கெட்டுப்போனால், வேறு பேச்சு இல்லாதபட்சத்தில் அவர்மீது பொறுப்பில்லை என்கிறது 152. எனக்கு முக்கியமாகப் படுவது நாள் பற்றிய பிரிவுகள். குறித்த காலம் முடிந்ததும், அல்லது எந்தக் காரியத்துக்காக வாங்கினாரோ அது முடிந்ததும், கேட்காமலே திருப்பித் தர வேண்டும் என்பது 160. உரிய நேரத்தில் தராமல் வைத்திருந்தால் அதற்குப் பிறகு வரும் இழப்பெல்லாம் வாங்கியவர் தலையில் என்பது 161. அதாவது பொருளுக்கு வரும் ஆபத்து யாருடையது என்பதையே ஒரு தேதி மாற்றிவிடுகிறது. வியாழக்கிழமை என்று பேசி வாங்கிய தார்ப்பாய் புதன்கிழமை சூறைக்காற்றில் கிழிந்தால் அது கொடுத்தவரின் துரதிர்ஷ்டம். சனிக்கிழமை கிழிந்தால் வாங்கியவரின் கடன். ‘ஆகட்டும், எடுத்துக்கிட்டுப் போ’ என்று மட்டும் சொல்லி அனுப்பியவருக்கு இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று தெரியாது. வேலை முடிந்த நாள் எது என்று அவரும் வாங்கியவரும் இரண்டு கணக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது ஆள் விஷயமும் உண்டு. தங்கச்சி வீட்டுக்குப் போன ஏணி, மாப்பிள்ளையின் நண்பர் வீட்டுக்குப் போய், அங்கே வெள்ளையடிக்க வந்தவர் கையில் மாட்டி ஊர் சுற்றுவது சாதாரணம். 154ஆம் பிரிவில் மறுபடி குதிரைதான். உன் சவாரிக்கு மட்டும் என்று சொல்லித் தந்த குதிரையைத் தன் வீட்டு ஆளுக்கு ஒருவர் கொடுக்கிறார். அந்த ஆள் ஜாக்கிரதையாகத்தான் ஓட்டுகிறார். தற்செயலாகக் குதிரை விழுந்து அடிபடுகிறது. அப்போதும் வாங்கியவர் ஈடு செய்ய வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு ‘உனக்கு மட்டும்’ என்று சொல்லிக் கொடுத்தவருக்குத்தான் முழுசாகக் கிடைக்கும்.

ஆயிரம் ரூபாய் ஏணிக்கு யார் வக்கீல் நோட்டீஸ் விடப்போகிறார்கள் என்று கேட்கலாம். யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. கலிஃபோர்னியாவில் சாஸ்டா என்ற மாவட்டத்து மாட்டுப் பண்ணைக்காரர்களை ஆராய்ந்து ராபர்ட் எல்லிக்சன் என்ற சட்டப் பேராசிரியர் 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். மாடு வேலி தாண்டி மேய்ந்தால் அந்த ஊர்க்காரர்கள் சட்டத்தைப் புரட்டுவதில்லை. பலருக்கு அது சரியாகத் தெரியவும் தெரியாது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று மனசுக்குள் ஒரு பற்றுவரவு வைத்துக்கொண்டு தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்கிறார்கள். அப்படியானால் பேசவே வேண்டாமே என்று தோன்றும். அவர்கள் பேசாமல் சமாளிப்பதற்குக் காரணம், நெடுங்காலம் பக்கத்து நிலத்திலேயே இருக்கப்போகிறவர்கள் அவர்கள், எது முறை என்பதில் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம். மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் இருக்கும் குடும்பங்களுக்கும் இது சாத்தியம். வாடகைக்கு வந்து பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும், வெளியூரிலிருந்து வந்து ஃபிளாட் வாங்கியவருக்கும் இடையில் பொதுவான முறை எங்கே இருக்கிறது? இருவர் ஊரிலும் வழக்கம் வேறு. அந்த இடத்தில் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சொந்தபந்தத்துக்குள் நாளும் நிபந்தனையும் பேசினால் மரியாதையாக இருக்குமா என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை, காரணம் நம் வழக்கங்களே. கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்பதை நோட்டுப் போட்டு வரிசையாகப் பதிந்து, தலைமுறை தாண்டியும் பத்திரப்படுத்தும் சமூகம் இது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். வாங்கியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் உறவே முறிந்துபோகிற அளவுக்கு அது கறார். பாத்திரக்கடையில் குடம் வாங்கினால் கையோடு பெயர் வெட்டித் தருகிறார்கள். விசேஷ வீடுகளுக்கு இரவல் போகும் அண்டாவும் தவலையும் வீடு திரும்ப அந்தப் பெயர்தான் வழிகாட்டி. யாரும் அதை அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்வதில்லை. கொடுக்க விருப்பமில்லாததை மறுக்கக்கூட வழி வைத்திருந்தார்கள்: விளக்கு வைத்த பிறகு ஊசியும் உப்பும் தயிரும் தரமாட்டார்கள். அதன் பின்னால் என்ன நம்பிக்கை இருந்தாலும், யார் மனமும் நோகாமல் ‘இல்லை’ சொல்ல அது உதவியது என்பது என் ஊகம். நூற்றியோரு ரூபாய் மொய்யை எழுதி வைக்கக் கூசாதவர்கள் ஏணிக்கு ஒரு கிழமை சொல்லக் கூச வேண்டியதில்லை. சொல்கிற விதம்தான் முக்கியம். ‘வெள்ளிக்கிழமை தோட்டத்துல எனக்கு வேலை இருக்கு மாப்ள, வியாழக்கிழமை சாயங்காலம் கொண்டாந்துடு’ என்றால் அதில் சந்தேகத்தின் வாடை இல்லை.

பேச்செல்லாம் எதற்கு, வாடகை வாங்கிவிட்டால் கணக்கு தீர்ந்தது என்பவர்களும் இருக்கிறார்கள். பவர் டில்லர், ரோட்டாவேட்டர் போன்ற பெரிய இயந்திரங்களுக்கு அது சரி. வேளாண் பொறியியல் துறையே இ-வாடகை செயலி வழியாக அவற்றை வாடகைக்கு விடுகிறது. கூட்டுறவுச் சங்கங்களிலும் கிடைக்கிறது. ஆனால் அண்டை வீட்டாரிடம் கைக்கருவிக்குக் காசு வாங்குகிறவர் இரண்டு சலுகைகளைக் கைகழுவுகிறார். முதலாவது, 159ஆம் பிரிவு. இலவசமாகக் கொடுத்தவர், நாள் குறித்துக் கொடுத்திருந்தாலும்கூட எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். பத்து நாளைக்கு என்று சாரம் கட்டச் சவுக்குக் கம்பு கொடுத்துவிட்டுப் பாதிப் பூச்சு வேலையில் பிடுங்கினால், அதனால் வரும் நஷ்டம் வாங்கியவர் அடைந்த பயனை மிஞ்சுமளவுக்கு ஈடு தர வேண்டும், அவ்வளவுதான். வாடகைக்கு விட்டவருக்கு இந்த உரிமை கிடையாது. இரண்டாவது, வாடகைப் பொருளில் குறை இருந்தால், அது தனக்குத் தெரியாது என்று விட்டவர் தப்ப முடியாது. 150ஆம் பிரிவு அதையும் சொல்கிறது. போதாததற்கு, காசு வந்த இடத்தில் கூச்சம் போய்விடும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் உரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு 2000இல் வெளிவந்தது. தாமதமாக வந்து பிள்ளையை அழைத்துப்போகும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறு அபராதம் போட்டார்கள். தாமதம் கூடியது. அபராதத்தை நிறுத்திய பிறகும் பழைய நிலைமை திரும்பவில்லை. காத்திருக்கும் டீச்சருக்காகக் கூசியவர்கள், காசு கொடுத்துத் தாமதத்தை வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசியாக, இரவலே எதற்கு, எல்லாம்தான் மலிவாகக் கிடைக்கிறதே என்ற கேள்வி. டிரில்லிங் மெஷின் தன் ஆயுளில் மொத்தம் பதின்மூன்று நிமிடம்தான் ஓடுகிறது என்று ஒரு கணக்கு உலகமெங்கும் சுற்றுகிறது. அதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது, நானும் அதைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. ஆனால் ஒரு தெருவுக்கு நாற்பது ஏணி தேவையில்லை என்று புரிந்துகொள்ள ஆய்வும் வேண்டாம். அமெரிக்காவின் பெர்க்லி நகர நூலகம் 1979 முதல் புத்தகத்தோடு ரம்பம், ஏணி, டிரில் எல்லாம் நாள் குறித்து இரவல் தருகிறது. கொடுக்கும்போதே விதி சொல்லிவிடுவதால் அங்கே முகம் சுளிக்க இடமில்லை. இருந்தாலும் சொந்தமாக வாங்கச் சொல்பவர்களின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நம் ஊர்களில் எந்த வீட்டுச் சாமான் எந்தத் தெருவுக்குப் போகும் என்பதைச் சாதி தீர்மானித்தது. பல இடங்களில் இன்னும் தீர்மானிக்கிறது. ஒரு மண்வெட்டிக்காக வாசலில் நின்று குனிய வேண்டியிருந்தவருக்கு, சொந்த மண்வெட்டி என்பது விடுதலை. இதுவும் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. கேட்டு நிற்கும் அந்த நிமிடத்தில் வாங்குபவர் கை தாழ்ந்திருக்கிறது. ‘இதுல ஏதாச்சும் கோளாறு இருக்கா’ என்று அவரால் கேட்க முடியாது. கேட்டால் ஓசியில் வாங்கிக்கொண்டு நொட்டை சொல்கிறான் என்பார்கள். ஆகவே பேசும் கடமை கை உயர்ந்திருப்பவருக்கு.

இதையெல்லாம் ஏணிக்கும் கடப்பாரைக்கும் மட்டும் சொல்லவில்லை. தெருவில் அதிகம் கைமாறும் இயந்திரம் பைக். இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் போய் மாட்டுவண்டியில் மோதி இறந்த ஒருவரின் குடும்பம் இழப்பீடு கேட்ட வழக்கில், வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில்தான் நிற்கிறார், ஆகவே மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்போது இருந்த 163ஏ பிரிவில் அவர் குடும்பம் இழப்பீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் கூறியது. பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய்க் கட்டாய விபத்துக் காப்பீடும் ஆர்.சி.யில் பெயருள்ள உரிமையாளர் ஓட்டும்போதுதான் பொருந்தும். பதினெட்டு நிரம்பாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி வண்டிக்குச் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். சாவியை நீட்டும் முன் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள், அக்கா மகனாக இருந்தாலும் சரி. பிரேக் சரியில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். சொல்ல வாய் வராவிட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள்.