கோப்புகள் எங்கே போயின?



சென்ற ஆண்டு ஒரு மாலை, எங்கள் தெருவில் வாழும் கல்லூரி மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியுடன் என்னிடம் வந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. “ஐயா, என் ஆய்வேட்டின் மூன்று அத்தியாயங்களைக் காணவில்லை. கோப்புறையே வெறுமையாக இருக்கிறது. நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும்” என்றாள். சில நாட்களுக்கு முன், கணினி கேட்ட கேள்வி ஒன்றிற்கு ‘ஆம்’ என விடையளித்து, மேகச் சேமிப்பின் ஒத்திசைவை அவள் இயக்கியிருந்தாள். அவளுடைய கோப்புகளுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற பாடம். ஆகவே பள்ளியிலிருந்தே தொடங்குவோம். கோடை விடுமுறையில் எட்டாம் வகுப்பை வேறு கட்டிடத்திற்கு மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி அறியாத மாணவன் பழைய அறையைத் திறக்கிறான். பெஞ்சும் இல்லை, கரும்பலகையும் இல்லை. வகுப்பு மறைந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியிருக்கிறது.

விண்டோஸ் கணினியில் நிகழ்வதும் இதுவே. ‘யூசர்ஸ்’ என்னும் கோப்புறைக்குள் உங்கள் பெயரால் ஒரு கோப்புறை உண்டு. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவை இயல்பாக அதனுள் இருக்கும். ஒன்டிரைவ் சேவையின் கோப்புறைக் காப்பை இயக்கியவுடன், அவை ‘ஒன்டிரைவ்’ என்னும் உட்கோப்புறைக்குள் பெயர்கின்றன. பழைய முகவரியை நம்பியிருக்கும் மென்பொருளும் குறுவழியும் அங்கே சென்று வெறுங்கையுடன் திரும்புகின்றன. பின்னர் நீங்கள் அக்காப்பை நிறுத்தினாலும், பல பதிப்புகளில் கோப்புகள் ஒன்டிரைவிலேயே தங்கிவிடும். பழைய இடம் வெறுமையாகக் காட்சி தரும். ஆப்பிள் நிறுவனம் 2016ஆம் ஆண்டு மேக் கணினிகளில் இத்தகைய வசதியை அமைத்தது. அதனை நிறுத்தும்போதும் கோப்புகள் ஐகிளவுடில் நிற்க, கணினியில் புதிய வெற்றுக் கோப்புறைகளே தோன்றும்.

இரண்டாவது காரணம் வேறு. மேகம் என்றவுடன் வானத்தை நோக்க வேண்டா. அது தொலைவிலுள்ள பெருங்கட்டிடங்களில் இயங்கும் கணினிகளின் தொகுதியே. உங்கள் வட்டில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, கோப்பின் பெயரை மட்டும் இங்கே வைத்து, பொருளை அங்கே வைக்கும் முறை 2017ஆம் ஆண்டு ஒன்டிரைவில் வந்தது. நூலகத்து அட்டவணையில் நூலின் பெயர் இருக்கும்; நூலோ உள்ளறையில் இருக்கும். அதுபோன்றதே இதுவும். கோப்பின் அருகே நீல நிற மேகக் குறி இருந்தால், அஃது இணையத்தில் மட்டும் உள்ளது என்று பொருள். பச்சைச் சரிக்குறி இருந்தால் கணினியிலும் உள்ளது. இணையத் தொடர்பு இல்லாத வேளையில் முன்னதைத் திறக்க இயலாது.

மூன்றாவது காரணமே அஞ்சத்தக்கது. ஒத்திசைவு என்பது இரண்டு குறிப்பேடுகளுக்கு நடுவே அமர்ந்த எழுத்தரைப் போன்றது. ஒன்றில் நீங்கள் ஒரு வரி எழுதினால் மற்றதிலும் எழுதுவார். ஒன்றில் அடித்தால் மற்றதிலும் அடித்துவிடுவார். ஏன் என்று கேட்கமாட்டார்.

இப்போது அம்மாணவியிடம் வருவோம். “முந்தைய நாள் என்ன செய்தாய், அம்மா?” என்று வினவினேன். சற்றுத் தயங்கிச் சொன்னாள்: “இணையத்திலும் அதே கோப்புகள் இருந்தன, ஐயா. இலவசமாகக் கொடுத்த இடம் நிரம்பிவிடுமே என்று அங்கிருந்தவற்றை மட்டும் அழித்தேன். கணினியில் ஒரு படி இருக்கிறதே என்று நினைத்தேன்.” அவள் இரண்டு படிகள் என்று எண்ணியவை ஒத்திசைவுக்கு ஒரே கோப்பு. எழுத்தர் தம் கடமையைச் செய்துவிட்டார்!

நல்லவேளையாக, அச்சேவையின் இணையத்தளத்திலேயே குப்பைத்தொட்டி ஒன்று இருந்தது. மூன்று அத்தியாயங்களும் அதில் கிடந்தன. ஒரு பொத்தானை அழுத்தியதும் அவை மீண்டு வந்தன. ஆனால் இந்த வாய்ப்பு என்றென்றைக்கும் உரியதன்று. ஒன்டிரைவில் தனியார் கணக்கிற்கு 30 நாட்களும், கல்லூரி அல்லது அலுவலகக் கணக்கிற்குப் பொதுவாக 93 நாட்களுமே தவணை. அவள் ஒரு பருவம் கழித்து வந்திருந்தால், என்னால் ஆறுதல் மட்டுமே கூறியிருக்க முடியும்.

ஆகவே கோப்புகளைக் காணாதபோது செய்யவேண்டியவற்றை வரிசையாக நினைவிற் கொள்ளுங்கள். முதலாவது, பதற்றத்தில் எதனையும் அழிக்கவோ, அமைப்புகளை மாற்றவோ வேண்டா. இரண்டாவது, சேவையின் இணையத்தளத்திற்கே சென்று பாருங்கள். நுழைந்திருப்பது உங்கள் சொந்தக் கணக்கிலா, கல்லூரிக் கணக்கிலா என்பதையும் கவனியுங்கள். மூன்றாவது, கணினியிலும் இணையத்திலும் உள்ள இரண்டு குப்பைத்தொட்டிகளையும் ஆராயுங்கள். நான்காவது, கோப்பின் பெயரைக் கொண்டு கணினி முழுவதும் தேடுங்கள். இடம் மாறிய கோப்பு பெரும்பாலும் இதில் அகப்பட்டுவிடும்.

இவை அனைத்திற்கும் மேலான ஒன்று உண்டு. ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. நீங்கள் அழித்ததைத் தானும் அழிக்கும் ஒன்று உங்களைக் காக்கும் என்று நம்பியிருத்தல் ஆகாது. உழைத்து எழுதியவற்றைத் தனியான வட்டு ஒன்றில் வாரந்தோறும் படியெடுத்து, அதனைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். அம்மாணவி குறித்த நாளில் ஆய்வேட்டை ஒப்படைத்தாள். மறுவாரமே அத்தகைய வட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். அவள் பட்ட துன்பம் இல்லாமலே நீங்கள் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளலாம்.