உலர்த்தினேன், உலரவில்லை: தூண்டிற்கருவிகளின் தொற்றுநீக்கமும் அறிவுறுத்தும் தமிழும்

அறிவியலைத் தமிழில் சொல்ல முற்படும்போது நம் கவனம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களின் மீதே செல்கிறது. ஒரு கருவிக்கோ நோய்க்கோ உயிரிக்கோ ஏற்ற கலைச்சொல் கிடைத்துவிட்டால் பணி முடிந்ததென்று கருதிவிடுகிறோம். ஆனால், பொதுமக்களுக்கான அறிவுறுத்தலில் செயலைத் தூண்டுவது வினைச்சொல். அது தளர்ந்தால் அறிவுறுத்தலும் தளரும். இதனை விளக்க நோர்வே நாட்டு ஆறுகளில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

அரை மில்லிமீட்டர் உயிரி

சால்மன் மீனின் தோலிலும் துடுப்புகளிலும் ஒட்டி வாழும் ஒரு தட்டைப்புழு உண்டு. அறிவியலார் அதற்கு இட்ட பெயர் ஜைரோடாக்டிலஸ் சலாரிஸ். கிரேக்கத்தில் ‘ஜைரோஸ்’ என்பது வட்டத்தையும் ‘டாக்டிலோஸ்’ என்பது விரலையும் குறிக்கும். தமிழில் ‘வட்டவிரலி’ என்று இதனைச் சொல்லலாம். இதன் நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். உடலின் பின்முனையில் உள்ள வட்டமான பற்றுறுப்பின் விளிம்பில் 16 சிறு கொக்கிகளும் நடுவில் இரண்டு பெரிய கொக்கிகளும் உள்ளன. இவற்றால் மீனைப் பற்றிக்கொண்டு அதன் தோலை உண்கிறது. ‘ஒட்டுண்ணி’ என்னும் நம் சொல்லின் இரு பகுதிகளும், அதாவது ஒட்டுதலும் உண்ணுதலும், இவ்வுயிரிக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றன.

இப்புழு முட்டையிடுவதில்லை; குட்டியை ஈனுகிறது. பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த கரு வளரத் தொடங்கியிருக்கும். இடையில் நத்தையோ வேறு உயிரியோ இதற்குத் தேவையில்லை. ஆகவே ஒரே ஒரு புழு புதிய ஆற்றை அடைந்தாலும் பெருங்கூட்டம் உருவாக வாய்ப்புண்டு.

1957இல் சுவீடன் நாட்டு அறிஞர் மால்ம்பெர்க் இதனை முதன்முதலில் விவரித்தார். பால்டிக் கடல் சார்ந்த சால்மன் மீன்கள் நெடுங்காலமாக இதனோடு வாழ்ந்து பழகியவை. அவற்றுக்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. அட்லாண்டிக் கரையில் உள்ள நோர்வே சால்மன்களுக்கு அப்பழக்கம் இல்லை. 1970களில் மீன்குஞ்சுகளோடு இப்புழு நோர்வேக்குள் நுழைந்தபோது, ஆற்றில் வளரும் இளமீன்கள் தோல் புண்பட்டு மடிந்தன. பாதிக்கப்பட்ட ஆறுகளில் இளமீன்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. காலப்போக்கில் ஏறத்தாழ 50 ஆறுகளுக்கு இத்தொற்று பரவியது.

ஆற்றை மீட்கும் வழி கடுமையானது. ரோட்டினோன் என்னும் நஞ்சை ஆறு முழுவதும் கலந்து, ஒட்டுண்ணி தங்குவதற்கு ஒரு மீனும் எஞ்சாதபடி செய்கிறார்கள். அதற்கு முன்பே அவ்வாற்றுக்குரிய சால்மன் மரபைத் தனியிடத்தில் காத்து, பின்னர் மீண்டும் ஆற்றில் விடுகிறார்கள். மீனைக் கொல்லாமல் புழுவை மட்டும் கொல்ல அலுமினியக் கரைசலையும் கையாண்டிருக்கிறார்கள். லார்டால் ஆற்றில் இம்முறை பயன்பட்டது. 2017இல் அவ்வாறு தொற்றற்றதென அறிவிக்கப்பட்டது. ஓர் ஆற்றைத் தூய்மையாக்க ஆண்டுகள் பல ஆகின்றன. தூண்டிற்காரரோ தம் கருவியைத் தூய்மையாக்க ஓரிரு நாள் செலவிட்டால் போதும்.

கருவி வழியாக எப்படிப் பரவும்?

உண்மையை அளவோடு சொல்லவேண்டும். நோர்வேயில் தொற்று பெரிதும் பரவியது குஞ்சுகளை ஆற்றில் விட்டதாலும், உப்புக் குறைந்த கழிமுக நீர் வழியாக மீன்கள் ஆற்றுக்கு ஆறு சென்றதாலுமே. எனினும், மீனைவிட்டுப் பிரிந்த புழு குளிர்ந்த ஈரத்தில் சில நாள்கள் உயிரோடிருக்கும். ஈரக் கைவலை, நீர்புகாக் காலுடை, கால்உறை, நூற்சுருள், படகின் அடியில் தேங்கிய நீர் ஆகியவை அந்த ஈரத்தைச் சுமந்து செல்லவல்லவை. காலையில் ஓர் ஆற்றிலும் மாலையில் மற்றோர் ஆற்றிலும் தூண்டில் போடுபவர் தம்மை அறியாமலே புழுவுக்கு ஊர்தியாகிவிடலாம். இதனால்தான் நோர்வேயில் தூண்டிற்கருவிகளின் தொற்றுநீக்கம் வலியுறுத்தப்படுகிறது. இத்தொற்று இல்லாத ஐஸ்லாந்தும் வெளிநாட்டிலிருந்து வரும் பயன்படுத்திய கருவிகள் தொற்றுநீக்கப்பட்டிருக்க வேண்டுமென்கிறது.

இப்புழுவைக் கொல்லும் வழிகள் எளியவை. 20 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில் இரண்டு நாள் உலர்த்துதல். 60 பாகைக்கு மேல் ஒரு மணிநேரம் சூடாக்குதல். ஒருநாள் முழுதும் உறையவைத்தல். 3 விழுக்காட்டு உப்புக்கரைசலிலோ 1 விழுக்காட்டு விர்கான் கரைசலிலோ குறைந்தது 10 நிமிடம் மூழ்கவைத்தல். இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும்.

கிருமியா, தொற்றா?

இனிச் சொல்லுக்கு வருவோம். இச்செயலைக் ‘கிருமிநீக்கம்’ என்று எழுதுவோர் பலர். கிருமி என்பது வடமொழியில் புழுவைக் குறித்த சொல். அவ்வகையில் புழுவை நீக்கும் செயலுக்கு அது பொருந்துவதே. ஆனால் இன்றைய மாணவர் கிருமி என்றதும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவையும் நச்சுயிரியையுமே நினைக்கிறார். சோப்புப் போட்டுக் கை கழுவுவதுபோல வலையையும் கழுவினால் போதுமென்று அவர் எண்ணக்கூடும். ‘தொற்றுநீக்கம்’ என்னும் சொல்லுக்கு அக்குறை இல்லை. தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல். கொடி கொம்பில் தொற்றுவதும் நோய் உடலில் தொற்றுவதும் ஒரே வினை. வலையில் பற்றிய எதுவாயினும் நீங்கவேண்டும் என்ற கருத்து அதில் அடங்கிவிடுகிறது.

‘தூய்மை’ என்பதையும் ‘தொற்றுநீக்கம்’ என்பதையும் மயங்கவிடலாகாது. சேறும் பாசியும் போனால் வலை தூய்மை. உயிருள்ள புழு ஒன்றும் இல்லையென்றால்தான் தொற்றுநீக்கம். முதலாவது கண்ணால் காணத்தக்கது. இரண்டாவது காலத்தாலும் வெப்பத்தாலும் கரைசலின் செறிவாலும் மட்டுமே உறுதிப்படுவது. எனினும் சேறு போகாமல் கரைசல் உள்ளே புகாது என்பதால், முதலாவது இரண்டாவதற்கு முன்படியாகும்.

பிறவினையின் இயல்பு

பிரிட்டனில் தூண்டிற்காரருக்கும் படகோட்டிகளுக்கும் சொல்லப்படும் அறிவுரை மூன்று சொற்களால் ஆனது. அதைத் தமிழில் ‘பார், கழுவு, உலர்த்து’ எனலாம். மூன்றும் ஏவல்வினை, நினைவில் நிற்கும். மூன்றாவது சொல்லில்தான் சிக்கல் உள்ளது.

உலர் என்பது தன்வினை; உலர்த்து என்பது பிறவினை. ‘எழுப்பினேன், ஆனால் எழவில்லை’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். ‘விளக்கைக் கொளுத்தினேன், பற்றவில்லை’ என்பதும் பிழையன்று. அதுபோலவே ‘வலையை உலர்த்தினேன், உலரவில்லை’ என்பதும் நல்ல தமிழே. தமிழ்ப் பிறவினை முயற்சியைச் சொல்கிறது, பயனை உறுதிசெய்வதில்லை. பயனை உறுதிசெய்ய வேண்டுமானால் ‘உலர்த்திவிட்டேன்’ என்று ‘விடு’ என்னும் துணைவினையைச் சேர்க்கிறோம். ‘உலர்த்திவிட்டேன், உலரவில்லை’ என்பது காதுக்கு முரணாக ஒலிப்பதே இதற்குச் சான்று.

மாலையில் ஈரக் காலுறையைக் கொடியில் போட்டுவிட்டு மறுநாள் காலை மடித்தெடுத்தவர், தாம் உலர்த்தியதாகச் சொன்னால் மொழியளவில் பொய்யில்லை. அவருடைய காலுறையின் உள்மடிப்பில் ஈரம் இருக்கிறது; அந்த ஈரத்தில் புழு இருக்கக்கூடும். ‘இரண்டு நாள் உலர்த்துக’ என்பதிலும் இதே மயக்கம் உண்டு. இரண்டு நாளைக் கொடியில் போட்டதிலிருந்து எண்ணுவதா, ஈரம் அற்றதிலிருந்து எண்ணுவதா? காப்பு நோக்கில் இரண்டாவதையே கொள்ளவேண்டும். அதையும் வெளிப்படையாக எழுதவேண்டும்.

நம் மொழியில் இதற்கு வேண்டிய நுட்பம் இருக்கவே செய்கிறது. வற்றுதல் நீர் குறைவது. காய்தல் வெயிலோ காற்றோ பட்டு ஈரம் போவது. உலர்தல் ஈரமே இல்லாத நிலை. மேற்புறம் காய்ந்தும் உள்ளே உலராத பொருள்கள் பல. வலையின் முடிச்சும் நூற்சுருளின் அடிச்சுற்றும் அத்தகையவை.

ஆகவே அறிவிப்பு இவ்வாறு அமையலாம்:

“வேறு நீர்நிலைக்குச் செல்லுமுன் வலை, தூண்டில், காலணி ஆகியவற்றில் ஒட்டியுள்ள சேற்றையும் செடியையும் அகற்றுங்கள். நன்கு கழுவுங்கள். மடிப்புகளைப் பிரித்துக் காயப்போடுங்கள். முடிச்சிலும் மடிப்பிலும் தொட்டால் ஈரம் இல்லை என்று உறுதியான பின், மேலும் இரண்டு நாள் உலர்ந்த நிலையிலேயே வைத்திருங்கள். அவ்வளவு காலம் இல்லையெனில், ஒரு லிட்டர் நீருக்கு 30 கிராம் உப்பு என்ற அளவில் கரைத்து, பொருள் முழுவதும் மூழ்குமாறு 10 நிமிடம் வையுங்கள்.”

இதில் ‘உலர்த்து’ என்னும் சொல் வரவேயில்லை. செய்யவேண்டிய செயலும், அது முடிந்ததை அறியும் அடையாளமும் தனித்தனியே சொல்லப்பட்டுள்ளன.

வகுப்பறைக்கு

நம் பள்ளிகள் பலவற்றில் மீன்தொட்டிகள் உண்டு. ஒரு தொட்டியின் சிறுவலையை மற்றொரு தொட்டியில் இடும் பழக்கமும் உண்டு. ஒட்டுண்ணி வேறாக இருக்கலாம். ஈரம் அதனைச் சுமக்கும் விதம் ஒன்றே. ஒவ்வொரு தொட்டிக்கும் தனிவலை வைப்பது நன்று. அந்த வலைக்கான அறிவிப்பைத் தமிழில் எழுதுமாறு மாணவரிடம் ஆசிரியர்கள் சொல்லலாம். எழுதிய பின் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இதில் சொன்னபடியெல்லாம் செய்தும் வலை ஈரமாகவே இருக்க முடியுமா?” முடியுமென்றால், வினைச்சொல்லை மாற்றி மீண்டும் எழுதவேண்டும்.