உருகிய எவர்சில்வர் எந்தப் பக்கம் ஓடும்?

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத்தூளைத் தூவுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பை விரல்நுனியில் தொட்டு நடுவில் வையுங்கள். மிளகுத்தூள் அத்தனையும் விழுந்தடித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடும்!

மிளகுக்குச் சோப்பின்மேல் ஒரு பயமும் இல்லை. தண்ணீரின் மேற்பரப்பில் எப்போதும் ஓர் இழுப்பு உண்டு. அதுதான் பரப்பு இழுவிசை. சோப்பு பட்ட இடத்தில் அது குறைந்துவிடுகிறது, ஓரத்தில் குறையவில்லை. இழுப்பு அதிகமுள்ள பக்கம் ஜெயிக்கிறது. மேல்நீர் அங்கே ஓடும்போது மிளகையும் கூட்டிக்கொண்டு போகிறது. இத்தாலியரான கார்லோ மாரங்கோனி 1865-ல் இதை ஆராய்ந்து எழுதியதால், இதற்கு மாரங்கோனி விளைவு என்று பெயர்.

இதே இழுபறி உருகிய எவர்சில்வரிலும் நடக்கிறது. பட்டறையில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்பார்களே, அதில் டங்ஸ்டன் முனைக்கும் எவர்சில்வர் தகட்டுக்கும் நடுவே மின்வில் பாய்கிறது. சுமார் 1,400 டிகிரி செல்சியஸில் எவர்சில்வர் உருகி, குட்டிக் குளம்போல் தேங்கும். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் முனை தாக்குப்பிடிக்கிறது. காற்று பட்டுக் கெடாமல் ஆர்கான் வாயு குளத்தைச் சூழ்ந்து காக்கிறது.

எல்லாம் சரி, ஆழம்தான் போகாது. ஒரே ஓட்டத்தில் சுமார் 3 மில்லிமீட்டர்தான் உருகும். தடித்த தகடு என்றால் ஓரங்களைச் சீவிப் பள்ளமாக்கி, கம்பியை உருக்கி அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். நேரமும் போகும், சூட்டில் தகடும் கோணிக்கொள்ளும்.

இதற்கு ஒரு வழி, உக்ரைனின் கீவ் நகரிலுள்ள பேட்டன் மின்பற்றவைப்பு நிறுவனத்தில் 1960-களில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. சிலிக்கா, டைட்டானியம் ஆக்சைடு போன்ற பொடிகளை அசிட்டோனில் குழைத்து, இணைக்கும் இடத்தில் தூரிகையால் பூசுகிறார்கள். இந்தப் பூச்சுக்கு இளக்கி என்று பெயர். மெல்லிய பூச்சுதான். ஆனால் அதே மின்னோட்டத்தில் உருகும் ஆழம் இரண்டு மூன்று மடங்காகிவிடுகிறது!

காரணம் என்ன? 1982-ல் ஹைப்பிள், ரோப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் தந்த விளக்கம் அருமையானது. எவர்சில்வரும் எஃகுதான். தூய்மையான உருகிய எஃகில், சூடு ஏற ஏற இழுப்பு குறையும். மின்வில் படும் நடுப்பகுதிதான் அதிகச் சூடு. ஆகவே, நம் மிளகைப் போலவே எஃகும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும். சூட்டையும் அங்கேயே கொண்டுபோகும். குளம் அகலும், ஆழாது. கந்தகமோ ஆக்சிஜனோ துளியளவு சேர்ந்தால் நிலைமை தலைகீழ்: சூடான நடுவில்தான் இழுப்பு அதிகம். ஓரத்து எஃகு நடுவுக்கு ஓடிவந்து, சூட்டோடு கீழே பாய்கிறது. பொடியிலிருந்து கிடைப்பது அந்த ஆக்சிஜன்தான். மின்வில் குறுகி ஒரே இடத்தில் குவிவதும் காரணம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே சேர்ந்து வேலை செய்யலாம்.

நம் கல்பாக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் எவர்சில்வருக்கென்று இப்படியொரு பொடியை உருவாக்கியிருக்கிறது. அங்குள்ள வேக ஈனுலைகளில் உருகிய சோடியம் ஓடும் குழாய்கள் எவர்சில்வர்தான். அங்கே பற்றவைப்பில் சின்னக் கீறல்கூட இருக்கக்கூடாது.

மிளகுச் சோதனையை வீட்டில் தாராளமாகச் செய்யுங்கள். வெல்டிங் பட்டறைப் பக்கம் போனால் மட்டும் மின்வில்லின் வெளிச்சத்தை நேராகப் பார்க்காதீர்கள். அதில் வரும் புற ஊதாக் கதிர் கண்ணைப் புண்ணாக்கிவிடும்.