நோய் இருக்கும் ஊரில் ஓர் எம்.ஆர்.ஐ.

மழைக்காலம் தொடங்கிவிட்டால் மலாவி நாட்டின் பிளான்டயர் நகரில் உள்ள க்வீன் எலிசபெத் மத்திய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் இடம் இருக்காது. ஊர்மக்கள் ‘க்வீன்ஸ்’ என்று அழைக்கும் இதுதான் நாட்டின் மிகப் பெரிய மருத்துவமனை. மழையோடு கொசு வரும், கொசுவோடு மலேரியா வரும். அதில் மிகக் கொடியது மூளை மலேரியா. முந்தின நாள் ஓடி விளையாடிய குழந்தை, காய்ச்சலும் வலிப்புமாகத் தாயின் தோளில் நினைவிழந்து வந்து சேரும். மருந்து ஏற்றியதும் ரத்தத்தில் உள்ள பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணிகள் மளமளவென்று அழியத் தொடங்கும். அப்படியும் நூறு குழந்தைகளில் பதினைந்து முதல் இருபது பேர் இறந்துவிடுவார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்கு வலிப்பு நோயோ வேறு குறைபாடோ தங்கிவிடும்.

கிருமி சாகிறது, குழந்தையும் சாகிறது என்றால் கொல்வது எது? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர் டெர்ரி டெய்லர் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் மலேரியாக் காலத்தில் பிளான்டயருக்கு வந்து, உள்ளூர் மருத்துவர்களோடு சேர்ந்து இந்தக் கேள்விக்கு விடை தேடினார். ரத்தச் சோதனைகள் விடை தரவில்லை. பெற்றோரின் சம்மதத்தோடு பிரேதப் பரிசோதனைகள் நடந்தன. 2004இல் வெளியான அந்த ஆய்வில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. மூளை மலேரியா என்று முடிவுசெய்யப்பட்டு இறந்த 31 குழந்தைகளில் 7 பேரின் சாவுக்குக் காரணம் மலேரியாவே இல்லை. அவர்களின் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தது உண்மை, ஆனால் உயிரைப் பறித்தது வேறு நோய். மூளை மலேரியாவைச் சரியாகப் பிரித்துக் காட்டிய ஒரே நோய்க்குறி விழித்திரையில் தெரிந்த மாற்றங்கள்தான். அதன்பின் கண்ணுக்குள் பார்த்து நோயை உறுதிசெய்யும் பழக்கம் அங்கே வலுப்பெற்றது.

பிரேதப் பரிசோதனைக்கு ஓர் எல்லை உண்டு. இறந்தவர்களின் மூளையை மட்டுமே அது காட்டும். பிழைத்த குழந்தையின் மூளை எப்படி இருந்தது என்று தெரியாமல், இறந்த குழந்தையின் மூளையில் கண்டதுதான் சாவுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? உயிரோடு இருக்கும்போதே இரண்டு தரப்பையும் பார்த்தாக வேண்டும். அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். நாட்டில் அப்போது ஒன்றுகூட இல்லை.

2008இல் ஜி.இ. நிறுவனம் நன்கொடையாகத் தந்த ஒரு கருவி க்வீன்ஸ் வளாகத்துக்கு வந்தது. மலாவியின் முதல் எம்.ஆர்.ஐ. அதுதான். அதன் காந்தப்புலம் 0.35 டெஸ்லா, பெரிய மருத்துவமனைகளில் நாம் பார்க்கும் 1.5 டெஸ்லா கருவிகளின் நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவு. இது குறையாகத் தோன்றலாம், ஆனால் பிளான்டயருக்கு இதுவே பொருத்தம். 1.5 டெஸ்லா கருவியின் மீகடத்திக் காந்தம் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்க வேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் குளிரூட்டும் பொறி நின்று ஹீலியம் ஆவியாகத் தொடங்கும். அதை மறுபடி நிரப்ப ஹீலியத்தைக் கடல் கடந்துதான் கொண்டுவர வேண்டும். மலாவியின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே என்ற ஒரே ஆற்றை நம்பியிருக்கிறது. 2022 ஜனவரியில் அனா புயல் அந்த ஆற்றின் கப்பிச்சிரா அணையை உடைத்தபோது நாட்டின் மின் உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அது திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆனது. இப்படிப்பட்ட இடத்தில் நிலைக்காந்தத்தில் இயங்கும் கருவிதான் தாக்குப்பிடிக்கும். அதற்கு ஹீலியம் வேண்டாம். அறையின் வெப்பநிலை மட்டும் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் காந்தப்புலம் நகர்ந்து படம் கெட்டுவிடும்.

அந்தக் கருவிக்குள் நினைவிழந்த குழந்தைகள் ஒவ்வொருவராகச் சென்று வந்தார்கள். மலாவியின் கதிரியக்க மருத்துவர் சாம் கம்போண்டேனியும் அமெரிக்காவின் மைக்கேல் போட்சென்னும் படங்களைப் படித்தார்கள். கார்ல் செய்டல் முதன்மை ஆசிரியராக 2015இல் வெளிவந்த கட்டுரையின் கணக்கு இது: மூளை மலேரியா உறுதியான 168 குழந்தைகளில் 25 பேர் இறந்தார்கள். அந்த 25 பேரில் 21 பேருக்கு, மருத்துவமனையில் சேர்ந்தபோதே மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்த 143 பேரில் அத்தகைய வீக்கம் 39 பேருக்குத்தான் இருந்தது.

மண்டையோடு விரிந்துகொடுக்காது. உள்ளே மூளை வீங்கினால் அதற்குப் போக்கிடம் கீழே, முதுகுத்தண்டுக்குள் இறங்கும் துவாரம் ஒன்றுதான். அந்த வாசலில் மூளைத்தண்டு இருக்கிறது. மூச்சை இயக்கும் நரம்புக் கூட்டம் இருப்பதும் அங்கேதான். வீங்கிய மூளை அதை அழுத்தும்போது மூச்சு நின்றுவிடுகிறது. இந்த ஆய்வில் என்னை மிகவும் உலுக்கியது இன்னொரு செய்தி. பிழைத்த குழந்தைகளுக்கு மீண்டும் மீண்டும் எடுத்த படங்களில், அந்த வீக்கம் சில நாட்களிலேயே வடிந்திருந்தது. நெருக்கடியான அந்தச் சில நாட்களைத் தாண்டவைத்தால் குழந்தையைக் காப்பாற்ற முடியுமோ என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது. செயற்கைச் சுவாசத்தையும் அடர்த்தியான உப்புக் கரைசலையும் சோதித்துப் பார்க்கும் ஆய்வு பிளான்டயரிலேயே தொடங்கியது.

மனிதர்களைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. மருத்துவமனைகளுக்கு வந்தது 1980களின் தொடக்கத்தில். பாஸ்டனிலும் லண்டனிலும் மூளையின் ஒவ்வொரு மடிப்பையும் அது காட்டிக்கொண்டிருந்தது. மூளை மலேரியாவில் குழந்தைகள் ஆயிரமாயிரமாய் இறந்த நாடுகளில் கருவி இல்லை. கருவி இருந்த நாடுகளில் அந்த நோய் இல்லை. கால் நூற்றாண்டு அப்படியே ஓடிப்போனது. ஏழை நாட்டில் எம்.ஆர்.ஐ. ஓர் ஆடம்பரம், முதலில் கொசுவலை கொடுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. கொசுவலை கட்டாயம் வேண்டும்தான். ஆனால் ஏழைகளின் நோய்களைப் பற்றிய அடிப்படை அறிவே, அந்த நோய் இருக்கும் ஊரில் கருவி இல்லாததால் பிறக்காமல் போகிறது. இதை இழப்பாக யாரும் கணக்கெழுதுவதில்லை.

இதை வைத்து, கருவிகளை அனுப்பிவைத்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ரி, மால்கின் இருவரும் 2011இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். 16 ஏழை நாடுகளின் மருத்துவமனைப் பட்டியல்களில் இருந்த 1,12,040 மருத்துவக் கருவிகளில் 38.3 சதவீதம் இயங்காமல் கிடந்தன. உதிரி பாகம் கிடைப்பதில்லை, பழுது நீக்கத் தெரிந்தவர் இல்லை, மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. நன்கொடை கொடுப்பவர் கருவியோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். ஐந்து ஆண்டுகளுக்கான பராமரிப்புப் பணத்தையும் பழுது நீக்கும் ஆளுக்கான பயிற்சியையும் சேர்த்துத் தராத நன்கொடையை வாங்க மறுக்கும் துணிவு சுகாதார அமைச்சகங்களுக்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படம் எடுப்பவரும் படிப்பவரும் இல்லாமலும் கருவி உயிர் பெறாது. மலாவியின் மக்கள்தொகை சுமார் இரண்டு கோடி; அங்கே கதிரியக்க மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்து வந்திருக்கிறார்கள். ஆகவே வேலை மற்றவர் கைகளுக்கு வந்தது. மருத்துவப் பட்டம் பெறாத, ஆனால் நோய் பார்க்கப் பயிற்சி பெற்ற கிளினிக்கல் ஆபீசர்கள்தான் மலாவியின் பல மாவட்ட மருத்துவமனைகளைத் தாங்குகிறார்கள். அத்தகைய பணியாளர்கள் குறுகிய காலத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய ஓர் அல்ட்ராசவுண்ட் முறை தென் ஆப்பிரிக்காவின் கிராமப்புற மருத்துவமனை ஒன்றில் உருவாகிப் பரவியது. ஃபாஷ் என்பது அதன் பெயர். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் நுரையீரலை விட்டு உடலெங்கும் பரவியிருக்கலாம். அப்போது சளியில் கிருமி தெரியாமல் போகலாம். இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா, நுரையீரலைச் சுற்றி நீர் இருக்கிறதா, வயிற்றில் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கின்றனவா, மண்ணீரலில் சிறு சீழ்க்கட்டிகள் தெரிகின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். ஒரு முழுமையான ஸ்கேன் அறிக்கை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. மாத்திரையை இன்றே தொடங்கலாமா என்ற ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் சரி.

உகாண்டாவின் இம்பரரா நகரத்தில் நடந்ததும் இதே சிந்தனையின் தொடர்ச்சிதான். அந்நாட்டில் பிறந்த சில வாரங்களில் வரும் கடும் தொற்றுக்குப் பிறகு, மூளைக்குள் நீர் தேங்கித் தலை பெருக்கும் குழந்தைகள் ஏராளம். அந்த நாட்டின் இம்பாலே நகரில் பணிபுரிந்த அமெரிக்க அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப், மூளைக்குள் குழாயைப் பொருத்தாமலே நீரை வடியவைக்கும் அறுவை முறையை வளர்த்தெடுத்தார். குழாய் அடைத்துக்கொண்டால் உடனே ஓடிவர முடியாத கிராமத்துக் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் அறுவைக்கு முன்னும் பின்னும் மூளையைப் பார்த்தாக வேண்டும். திரும்பத் திரும்ப சி.டி. எடுத்தால் பச்சிளம் மூளைக்கு எக்ஸ் கதிர் ஏறும்.

இம்பரரா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜான்ஸ் ஒபுங்கோலோச், அமெரிக்காவின் ஸ்டீவன் ஷிஃப், நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆண்ட்ரூ வெப் ஆகியோரின் குழுக்கள் வேறு வழியை எடுத்தன. சிறு காந்தக் கட்டிகளை வளையங்களில் குறிப்பிட்ட திசைகளில் அடுக்கினால், புலம் உள்ளே கூடி வெளியே ஏறக்குறைய இல்லாமல் போகும். இப்படி 23 வளையங்களைக் கொண்ட 50 மில்லி டெஸ்லா கருவியின் பாகங்கள் எல்லாம் நெதர்லாந்திலிருந்து விமானத்தில் வந்தன. நான்கு பயிற்சியாளர்களும் முன்பயிற்சி இல்லாத ஆறு பேரும் சேர்ந்து இம்பரராவிலேயே கருவியைக் கட்டினார்கள். பாகங்கள் வந்திறங்கியதிலிருந்து முதல் படம் வரும் வரை ஏறத்தாழ 11 நாட்கள். தன் கையால் கட்டியவர்களுக்கு அது பழுதானால் எங்கே கை வைப்பது என்று தெரியும்.

50 மில்லி டெஸ்லா என்பது 1.5 டெஸ்லாவில் முப்பதில் ஒரு பங்கு. படம் மங்கலாகத்தான் வரும். அந்த மங்கல் அறுவைக்குப் போதுமா என்று ஷிஃப் குழுவினர் சோதித்தார்கள். சி.டி. படங்களை வேண்டுமென்றே தரம் குறைத்து, வளரும் நாடுகளில் அறுவை செய்து பழகிய குழந்தைகள் நரம்பு அறுவை மருத்துவர்களிடம் காட்டினார்கள். மூளைக்கும் நீருக்கும் இடையே எல்லை தெளிவாகத் தெரிந்தால், மங்கலான படத்தை வைத்தும் சிகிச்சையைத் திட்டமிட முடியும் என்று தெரிந்தது. அதே படங்களைச் செயற்கை நுண்ணறிவால் மெருகேற்றிக் காட்டியபோது மருத்துவர்களுக்கு அவை இன்னும் பயனுள்ளவையாகத் தோன்றின. ஆனால் மெருகேறிய படங்களில் மூளையின் உண்மையான அமைப்பு பிழையாக வருவதற்குக் கணிசமான வாய்ப்பு இருந்தது. அந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டி, மெருகேற்றாத, தரம் குறைந்த படமே மேலானதாக இருக்கலாம் என்று 2021இல் அவர்கள் எழுதினார்கள்.