அமரும் உரிமையும் சுருள்சிரை நோயும்: தவிர்க்க வேண்டியவை யார் கையில் உள்ளன?

"கால் நரம்பு சுருட்டிக்கொண்டது" என்று நம் மக்கள் சொல்லும் நோய்க்கும் நரம்புக்கும் தொடர்பில்லை. சுருண்டு புடைத்து நிற்பவை, அசுத்த இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகள். மருத்துவர்கள் இதை வெரிகோஸ் வெயின் என்கின்றனர்; தமிழில் சுருள்சிரை நோய். இந்நோயாளி எதைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டால், முதலில் வரும் பதில் "நீண்ட நேரம் நிற்காதீர்கள்" என்பதாகும். நிற்பதையே வேலையாகக் கொண்டவர் இந்த அறிவுரையை எவ்வாறு பின்பற்றுவார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பாதத்திலிருந்து இரத்தம் புவியீர்ப்புக்கு எதிராக மேலேற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, சிரைகளை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறிய இரத்தம் கீழே திரும்பாதபடி சிரைகளுக்குள் இருக்கும் ஒருவழி வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நிற்கும்போது தசை இயங்குவதில்லை. இரத்தம் காலிலேயே தேங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இந்த அழுத்தம் தொடரும்போது சிரைச் சுவர் தளர்கிறது, வால்வுகள் சரியாக மூடுவதில்லை, சிரை புடைத்துச் சுருள்கிறது.

தொடக்கத்தில் மாலைநேரக் கால் கனம், கணுக்கால் வீக்கம், இரவில் கெண்டைப் பிடிப்பு, அரிப்பு ஆகியவை தோன்றும். கவனிக்காமல் விட்டால் கணுக்காலின் உட்புறத் தோல் கறுத்துத் தடிக்கும். இறுதியில் எளிதில் ஆறாத புண்ணாக மாறும். அந்தப் புண் வந்தபின் வேலை போகிறது, சேமிப்பு கரைகிறது.

பரம்பரை, வயது, மகப்பேறு, உடற்பருமன் ஆகியவையும் காரணங்களே. எனினும் வேலையின் பங்கைப் புறந்தள்ள முடியாது. டென்மார்க்கில் 12 ஆண்டுகள் தொடர்ந்து நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வு, வேலை நேரத்தில் முக்கால் பங்கிற்கு மேல் நின்றோ நடந்தோ பணிபுரிவோர் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆண்களில் 1.75 மடங்காகவும் பெண்களில் 1.82 மடங்காகவும் இருப்பதைக் கண்டறிந்தது.

இங்கே நாள் முழுவதும் நிற்பவர்கள் யார்? துணிக்கடை விற்பனைப் பெண்கள், காவலாளிகள், உணவகப் பணியாளர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகளாகவே இருக்கும் தூய்மைப் பணியாளர்கள். இவர்கள் நிற்பதற்கு வேலையின் தன்மை மட்டுமே காரணமன்று. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் விற்பனையாளர் உட்காரக்கூடாது என்பதில் எந்த வணிகத் தேவையும் இல்லை. வீட்டைத் துடைக்கும் பெண், தான் துடைத்த நாற்காலியில் அமரக்கூடாது என்பதில் எந்தத் தூய்மைத் தேவையும் இல்லை. அமர்வது சமமாவது என்று சாதியச் சமூகம் எப்போதும் புரிந்துவைத்திருக்கிறது. 2020 அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சாதிப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமரவைக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த தலைவருக்கே நாற்காலி மறுக்கப்படும் நாட்டில், கூலித் தொழிலாளி தனக்கு இருக்கை கேட்பது எளிதன்று.

ஆயினும் சட்டம் இவ்விடத்தில் முற்றிலும் மௌனமாக இல்லை. கோழிக்கோட்டில் பி. விஜி முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' உள்ளிட்ட கடைப் பெண் தொழிலாளர்களின் நெடிய போராட்டத்திற்குப் பின், 2018இல் கேரளம் கடைத் தொழிலாளர்களின் அமரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இல் 22-அ பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கிடையே அமரும் வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள இயல வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை, நின்று வேலை செய்வோருக்கு இருக்கை தரும் கடமை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே விதிக்கப்பட்டது. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் குறித்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவிலும் அக்கடமை உள்ளது. தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என 1995இல் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

இச்சட்டங்களின் ஓட்டைகளையும் அறிந்திருக்க வேண்டும். கடைகள் சட்டம் வீட்டுவேலைத் தொழிலாளரையோ தெருவில் பணியாற்றும் தூய்மைப் பணியாளரையோ எட்டுவதில்லை. 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் தனது மூன்றாம் அட்டவணையில் பட்டியலிட்ட தொழில்சார் நோய்களுள் சுருள்சிரை நோய் இல்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு இழப்பீடு பெற, அது பணியின்போது நேர்ந்த குறிப்பிட்டதொரு விபத்துக் காயத்தின் நேரடி விளைவு என்று மெய்ப்பிக்க வேண்டும். பத்தாண்டுகளாகச் சிறிது சிறிதாக வந்த நோய்க்கு எந்த நாளை விபத்து நாளாகக் காட்டுவது? இந்நோயை அப்பட்டியலில் சேர்க்கக் கோருவது நம் இயக்கங்களின் கோரிக்கைகளுள் ஒன்றாக வேண்டும்.

கோரிக்கை வெல்லும்வரை கால்களைக் காக்க வேண்டும். உடல் அளவில் தவிர்க்க வேண்டியவை இவை:

ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதைத் தவிர்க்கவும். நின்றே ஆகவேண்டுமெனில் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது, எடையைக் கால் மாற்றி நிற்பது, நாலடி நடப்பது ஆகியவை தசையை இயக்கும். காலைத் தொங்கவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும் தீங்கே. வீடு திரும்பியதும் படுத்து, கால்களை இதய மட்டத்திற்கு மேல் உயர்த்திக் கால்மணி நேரம் வைத்திருங்கள்.

புடைத்த சிரைகளை எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவக்கூடாது. வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். வெப்பம் சிரைகளை மேலும் விரிக்கும். அரிக்கும் இடத்தைச் சொறியக்கூடாது. புண்ணின் மேல் சாம்பல், புகையிலை, பச்சிலை எதையும் வைக்கக்கூடாது. இடுப்பிலும் தொடையிலும் இறுக்கும் உடைகள், குதிகால் உயர்ந்த காலணிகள், புகைப்பழக்கம் ஆகியவற்றை விலக்குங்கள்.

அழுத்தக் காலுறை பெரும் உதவி புரியும். காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுமுன் அதை அணிய வேண்டும். ஆனால் நீரிழிவு நோயாளிகளுக்கும் புகைபிடிப்போருக்கும் காலின் தமனிகள் அடைபட்டிருக்கக்கூடும். அந்நிலையில் காலுறை கேடு செய்யும். ஆகவே மருத்துவர் சோதித்த பின்னரே வாங்குங்கள். காலுறைக்குப் பதிலாகக் கெண்டையில் மட்டும் துணியை இறுக்கிக் கட்டுவது இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

புடைத்த சிரை உடைந்து இரத்தம் கொட்டினால், உடனே படுத்துக் காலை உயர்த்திச் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தபடி மருத்துவ உதவி தேடவும், கயிறு கட்டக்கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108ஐ அழையுங்கள். லேசர், கதிரலை வெப்பம், ஊசி மருந்து, அறுவை எனப் பல சிகிச்சைகள் உள்ளன. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென இரத்தநாள அறுவைச் சிகிச்சைத் துறை இயங்குகிறது.

சட்டத்தளத்தில் தவிர்க்க வேண்டியவையும் உள்ளன. மருத்துவரிடம் "கால் வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன வேலை, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லி, அதைச் சிகிச்சைச் சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். பின்னாளில் அதுவே சான்று. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர், போதிய நாட்கள் சந்தா செலுத்தியிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்காலப் பயனாகப் பெறலாம். அதைக் கோராமல் சம்பளமற்ற விடுப்பில் செல்லாதீர்கள்.

கடையில் இருக்கை இல்லையெனில், அல்லது இருந்தும் உட்கார விடவில்லையெனில், வாய்மொழியாக முறையிடுவதோடு நிற்காதீர்கள். தொழிலாளர் உதவி ஆய்வருக்கு 22-அ பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் அளித்து, ஒப்புகை பெறுங்கள். தனியாளாகக் கொடுத்தால் பணிநீக்கமே பதிலாக வரக்கூடும்; சங்கத்தின் வழியாகவோ பலர் கையொப்பமிட்டோ கொடுப்பது பாதுகாப்பானது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளருக்குச் சாதியின் பெயரால் இருக்கை மறுக்கப்பட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்பதையும் வழக்கறிஞருடன் ஆராய வேண்டும்.

பகுதிநேரமாகக் கடைகளில் வேலை செய்யும் மாணவர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். உங்கள் தளத்தில் எத்தனை பணியாளர்கள், எத்தனை இருக்கைகள் என்று இந்த வாரம் எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் தேதியோடு குறித்து வைத்தால், புகாரின் முதல் பத்தி உங்களிடம் இருக்கிறது.